வெள்ள நேரத்தில் திறக்கிற வரைபடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் மழை விடாமல் பெய்து உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டால், ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மனே, வவுணதீவு றோட்டால போகேலுமா?" கேட்கிற அம்மாவின் கையில் இருப்பது ஒரு மலிவான போன், கொஞ்சம் டேட்டா, இறங்கிக்கொண்டிருக்கிற பற்றரி. இணைய வரைபடம் செய்கிறவர்கள் அவரை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்திருக்கிறேன்.

நண்பர்களோடு நான் முதலில் செய்த வரைபடத்தில் பிரதேச செயலகப் பிரிவுகள், கிராம உத்தியோகத்தர் எல்லைகள், குளங்கள், பாடசாலைகள், கோயில்கள், பள்ளிவாசல்கள் என்று கையில் கிடைத்த எல்லாத் தரவும் இருந்தது. திறந்தால் திரை முழுக்கப் புள்ளிகள். இடைத்தங்கல் முகாம் எது என்று தேடிப் பிடிக்கவே முடியவில்லை. எந்த றோட்டு மூடியிருக்கிறது, எங்கே தங்கலாம் என்ற இரண்டை மட்டும் முதலில் காட்டுங்கள். மற்றவை வேண்டுமென்றால் தட்டித் திறக்கிற அடுக்குகளாக இருக்கட்டும். இணைய வரைபடம் செய்ய உதவுகிற லீஃப்லெட் என்ற நிரல் தொகுப்பு சுருக்கிய நிலையில் 50 கிலோபைட்டுக்கும் குறைவு. பாரம் ஏறுவது நாம் ஏற்றுகிற எல்லைக் கோப்புகளால்தான். மேப்ஷேப்பர் என்ற இலவசக் கருவியில் போட்டு எல்லைக் கோடுகளை எளிமையாக்கினாலே கோப்பு பல மடங்கு சிறுத்துவிடும்.

அடுத்தது ஆள்கூறு. மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ 7.7 பாகை வடக்கு, 81.7 பாகை கிழக்கு. லீஃப்லெட் அகலக்கோட்டை முதலில் கேட்கும், இடத் தரவை வைக்கிற ஜியோஜேசன் கோப்போ நெடுங்கோட்டை முதலில் எழுதும். மாற்றிப் போட்டால் நம்முடைய ஊர் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அப்பால், ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். இதையாவது பார்த்தவுடன் பிடித்துவிடலாம். நில அளவை வரைபடங்களில் வருகிற இலங்கைக் கட்டமைப்பு ஆள்கூறுகள் அப்படியல்ல. அவை மீற்றரில் இருக்கும், அதிலும் பழையது ஒன்று, 1999இல் வந்தது ஒன்று என்று இரண்டு. அடிப்படைத் தளத்தை, அதாவது அளவை எடுக்கப் பயன்பட்ட பூமி மாதிரியை, கவனிக்காமல் மாற்றினால் புள்ளி நூறு மீற்றருக்கு மேல் விலகும். வேறு மாவட்டத்தில் யாரும் கவனிக்காமல் போகலாம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஊர் இருக்கிற நம்மிடத்தில் பாடசாலை தண்ணீருக்குள் போய்விடும். மாற்றிய பிறகு கல்லடிப் பாலத்தையோ கோட்டையையோ செய்மதிப் படத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருகிற தவறு, "அருகிலுள்ள முகாம்" என்ற பொத்தான். பெரும்பாலும் அது நேர்கோட்டுத் தூரத்தைத்தான் கணக்கிடும். குருக்கள்மடத்தில் நிற்கிறவருக்கு அக்கரை அம்பிளாந்துறை பக்கத்தில் இருப்பதாகக் காட்டும். இடையில் வாவி கிடக்கிறது. வெள்ளத்தில் பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்கிற மிதவை) ஓடாவிட்டால் மண்முனைப் பாலத்தால் சுற்றித்தான் போக வேண்டும், அந்த வழியும் திறந்திருக்க வேண்டும். வாவியின் கிழக்கே எழுவான்கரையில் நிற்கிறவரை மேற்கே படுவான்கரைக்கு அனுப்புவதென்றால் சாலைவழித் தூரம் காட்ட வேண்டும். அது முடியாவிட்டால், முகாம்களை இரு கரைகளாகப் பிரித்துப் பட்டியலாகக் கொடுப்பதே நேர்மை.

தேடல் பெட்டியும் ஏமாற்றும். 'கொக்கட்டிச்சோலை' என்ற பெயரில் 'கொ', 'சோ' இரண்டையும் யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: உயிர்மெய்க் குறி ஒரே குறியீடாக, அல்லது முன்னும் பின்னும் இரண்டாக. கண்ணுக்கு ஒன்றேதான், கணினிக்கு வேறு வேறு. தரவையும் தேடுகிற சொல்லையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள், ஜாவாஸ்கிரிப்டில் அது ஒரு வரி வேலை. ஆங்கில எழுத்தில் ஒரே ஊரை நாலு விதமாக எழுதுகிறார்கள், அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறிய விஷயங்களும் உண்டு. சுட்டியை மேலே கொண்டுபோனால்தான் விவரம் தெரியும் என்று வைத்தால் போனில் அது வேலை செய்யாது. சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பாமல் 'மூடியது', 'திறந்தது' என்று எழுதியும் விடுங்கள். பக்கத்தை உருட்டுகிற விரல் வரைபடத்துக்குள் மாட்டிக்கொள்ளாதபடி ஓரத்தில் இடம் விடுங்கள்.

அப்புறம் பராமரிப்பு. பலர் சேர்ந்து வரைகிற ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் படங்களைத் தன்னார்வலர்களின் வழங்கியிலிருந்து எடுக்கிறோம். பங்களித்தவர்களுக்கான நன்றி வரியை மறைக்கக் கூடாது, படங்களை மொத்தமாகப் பதிவிறக்கவும் கூடாது. கட்டணச் சேவையென்றால் அதன் சாவியை (சேவையைப் பாவிக்கத் தருகிற குறியீட்டை) உங்கள் தள முகவரிக்கு மட்டும் கட்டுப்படுத்துங்கள், இல்லாவிட்டால் யாரோ பாவிப்பதற்கு நீங்கள் காசு கட்ட நேரும். இவற்றைவிட முக்கியம் ஒவ்வொரு புள்ளியிலும் திகதி இருப்பது. போன வருடம் முகாமாக இருந்த பாடசாலை இந்த வருடம் பூட்டிக் கிடக்கலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் அங்கே போகிறவர் பிறகு நம் வரைபடத்தைத் திறக்கவே மாட்டார். ஒவ்வோர் ஐப்பசியிலும், பெருமழை தொடங்குமுன், கிராம உத்தியோகத்தர்களிடம் ஒவ்வொரு இடத்தையும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அதற்கு ஆள் கிடைக்காத வருடத்தில் முகாம் புள்ளிகளை எடுத்துவிட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை மட்டும் பெரிதாகப் போடுங்கள்.