முதலில் நுரை, பிறகு ரேசர்

இரு பக்கமும் கூரான ஒற்றை பிளேடு மாட்டும் டபுள் எட்ஜ் ரேசரில் சவரம் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ரேசர் வாங்கலாம்?" என்றுதான். "பிரஷ் இருக்கிறதா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். ரேசர் கைக்குப் பழகுவதற்கு அதிக நாள் ஆகாது. நுரை சரியில்லை என்றால், எத்தனை உசத்தியான ரேசரும் கன்னத்தில் எரிச்சலைத்தான் தரும்.

பிரஷ் சிந்தெடிக்காகவே இருக்கட்டும். ஊறவைக்க வேண்டாம், சீக்கிரம் காயும், கிரீமையும் வீணாக்காது. பன்றி முடி பிரஷ் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது பழகி நுனி மென்மையாவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். கட்டி சோப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டியூபில் வரும் ஷேவிங் கிரீம்தான் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சமாளிக்கும்.

பிரஷை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சொட்டாத அளவுக்கு உதறுங்கள். சுண்டுவிரல் நுனி அளவு கிரீமை ஒரு கிண்ணத்தில் வைத்து வட்டமாகச் சுழற்றுங்கள். முதலில் பசை மாதிரி ஒட்டும். சில சொட்டு நீர் விட்டு மறுபடி சுற்றுங்கள், மறுபடி சில சொட்டு. பெரிய குமிழிகள் தோன்றி, மெல்ல உடைந்து காணாமல் போகும். ஒரு கட்டத்தில் நுரையின் மேல் பளபளப்பு வரும். பிரஷைத் தூக்கினால் நுனி நிமிர்ந்து நிற்காமல் லேசாக வளையும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். விரல் வழுக்கிக்கொண்டு போனால் தயார். புதியவர்களின் நுரை பெரும்பாலும் வெள்ளையாக, கெட்டியாக, பார்க்க அழகாக இருக்கும். முகத்தில் தடவிய ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடும். அதற்கு இன்னும் தண்ணீர் தேவை. சவரம் செய்யாத நாளிலும் கிண்ணத்தில் நுரை எழுப்பிப் பழகுங்கள். கிரீம் செலவாகிறதே என்று பார்க்காதீர்கள்.

என்ன செய்தும் நுரை எழவில்லையா? தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். கடினநீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படிந்துவிடும். நுரைக்கு மட்டும் ஒரு கப் மென்னீர் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

குளித்த கையோடு சவரம் செய்வது நல்லது. நீரை உறிஞ்சிய முடி மிருதுவாகி, சுலபமாக அறுபடும். முடி பிளேடை என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி ஆய்வாளர்கள் சயின்ஸ் இதழில் காட்டியிருக்கிறார்கள்: எஃகைவிடப் பல மடங்கு மென்மையான முடி, வளைந்து அறுபடும்போது பிளேடின் விளிம்பில் நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்துவிடுகிறது.

இனி ரேசர். மூடிய சீப்பு வைத்த, அதாவது பிளேடுக்குக் கீழே பல் இல்லாத நேரான விளிம்புள்ள, மென்மையாக வெட்டும் ரகம் போதும். மெர்குர் 34சி, எட்வின் ஜாகர் டிஇ89 இரண்டுமே தொடக்கத்துக்கு ஏற்றவை. அந்த விளிம்பில் பல் உள்ள திறந்த சீப்பு, பிளேடு இடைவெளியைத் திருகி மாற்றும் ரகங்கள் இப்போது வேண்டாம். கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற அதே அடிப்படை ஏற்பாடுதான் இன்றும்: ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளேடை வளைத்து இறுக்கினால் அது விறைப்பாகிவிடும். பிளேடுகளின் அளவும் பொதுவானது. எந்த நிறுவனத்து பிளேடும் எந்த டபுள் எட்ஜ் ரேசரிலும் பொருந்தும். அஸ்ட்ரா, ஜில்லெட் சில்வர் ப்ளூ மாதிரி நடுத்தரக் கூர்மையில் தொடங்குங்கள். ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர்மை, கை பழகட்டும்.

தலையையே கழற்றி மாற்றும் கார்ட்ரிட்ஜ் ரேசரில் தலை தானாகத் திரும்பி முகத்தோடு வளைந்து போகும். இங்கே அந்த வேலை உங்கள் கையுடையது. ரேசர் தலையின் மேற்பகுதியைக் கன்னத்தில் வையுங்கள், கைப்பிடி கன்னத்துக்குச் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும். கைப்பிடியை மெல்லத் தாழ்த்திக்கொண்டே வாருங்கள். பிளேடு தோலைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போது பிளேடுக்கும் தோலுக்கும் நடுவில் ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும். அளந்து பார்க்க வேண்டியதில்லை, காதே சொல்லிவிடும்: கோணம் சரியாக இருந்தால் முடி அறுபடும் சரசரப்பு தெளிவாகக் கேட்கும். மற்ற கையால் தோலை இழுத்துப் பிடித்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குச் சின்னச் சின்னதாக இழுங்கள். அழுத்தவே கூடாது. ரேசரின் எடை போதும்.

அதற்கு முன்னால் உங்கள் முகத்தைப் படித்துவிடுங்கள். ஒரு நாள் வளர்ந்த தாடியில் விரலை நான்கு பக்கமும் தடவினால் எந்தப் பக்கம் வழுக்குகிறது, எந்தப் பக்கம் முள்ளாகக் குத்துகிறது என்று தெரியும். வழுக்கும் திசைதான் முடி வளரும் திசை. என் கன்னத்தில் முடி கீழ்நோக்கி வளர்கிறது. இடது தாடைக்கு அடியில் மட்டும் காதை நோக்கிப் படுக்கையாகப் போகிறது. கழுத்தில் பலருக்கும் இப்படி ஏதாவது ஒரு சுழி இருக்கும். முதல் சில வாரங்கள் வளரும் திசையிலேயே ஒரு முறை மட்டும் செய்யுங்கள். எரிச்சல் இல்லையென்றால், மறுபடி நுரை தடவி, குறுக்காக இன்னொரு முறை. எதிர்த்திசை கடைசியில்தான், அதுவும் கன்னத்தில் மட்டும். கழுத்தில் எதிர்த்திசைக்குப் போகவே வேண்டாம் என்பது என் திடமான எண்ணம். அங்கேதான் வெட்டிய முடி தோலுக்குள் சுருண்டு வளர்ந்து கொப்புளமாகும். நுரையில்லாத தோலில் ரேசர் படவே கூடாது, விட்டுப்போன ஒற்றை முடிக்காகக்கூட.

முடித்ததும் குளிர்ந்த நீரில் முகம் கழுவி, ஈரத் தோலில் படிகாரக் கட்டியைத் தேய்த்துப் பாருங்கள். எங்கே சுரீரென்று எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. சிறிய கீறலின் ரத்தத்தையும் அதுவே நிறுத்தும். ஒரு நிமிடம் விட்டுக் கழுவி, ஆல்கஹால் இல்லாத ஆஃப்டர்ஷேவ் களிம்பு (பாம்) தடவுங்கள்.

ஆர்வம் வந்துவிட்டால் சோப்பும் பிளேடும் வாங்கிக்கொண்டே இருக்கத் தோன்றும். தாராளமாக வாங்குங்கள், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளேடு மாறினால் சோப்பு அதேதான் இருக்க வேண்டும். இல்லையென்றால் எரிச்சல் எதனால் வந்தது, சுகம் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. நான் எந்த பிளேடு, எத்தனையாவது சவரம் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துவைக்கிறேன். பலருக்கு ஒரு பிளேடு மூன்று முதல் ஏழு சவரம் வரை வரும். முடியை அறுக்காமல் இழுக்க ஆரம்பித்தால் அப்போதே மாற்றிவிடுங்கள்.

பிரஷை அலசி உதறிக் காற்றாட வையுங்கள். பிளேடைத் துணியால் துடைக்காதீர்கள், விளிம்பு கெடும், விரலும் வெட்டுப்படும். பழைய பிளேடுகளைக் குப்பையில் அப்படியே போட்டால் குப்பை அள்ளுகிறவர் கையைக் கிழிக்கும். ஒரு தகர டப்பாவின் மூடியில் கீறல் போட்டு, அதற்குள் சேர்த்து வாருங்கள். நிறைந்ததும் கீறலை டேப்பால் இறுக ஒட்டி, உலோகக் கழிவோடு கொடுத்துவிடலாம்.