கலங்கும் நீரில் துகள் பரவுவதை லேசரால் அளப்பது எப்படி?

30 × 30 செ.மீ. அடியுள்ள கண்ணாடித் தொட்டியில் 40 செ.மீ. உயரத்துக்கு, 36 லீற்றர் நீரை முதல்நாளே நிரப்பி வையுங்கள். புதிதாக இறைத்த நீரிலிருந்து வரும் காற்றுக் குமிழ்கள் துகளைவிடப் பளிச்சிடும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் கேத்தலில் விடும் அதே சுண்ணாம்புப் படிவைக் கண்ணாடியிலும் விடும். வினாகிரித் துணியால் துடையுங்கள். இரவில் அளப்பது நல்லது. பகலில் வெயில் படும் பக்கம் சூடாகி, நீர் தானாகவே சுழலத் தொடங்கிவிடும்.

கலக்குவதற்கு, 1 செ.மீ. அகலச் சட்டங்களை 5 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிய வலைத்தட்டு. கியர் மோட்டரால் அது செக்கனுக்கு 2 தடவை, 4 செ.மீ. தூரம் மேலும் கீழும் போகட்டும். தட்டுக்கு 10 செ.மீ. கீழே கொந்தளிப்பின் வேகம் ஏறத்தாழ 1 செ.மீ./செக்கன்.

மணல் வேண்டாம். 0.1 மி.மீ. மணலே கிட்டத்தட்ட அந்தக் கொந்தளிப்பின் வேகத்திலேயே கீழே போய்விடும். 50 மைக்ரோமீற்றர் பொலியமைட் (நைலோன் வகைப் பிளாஸ்டிக்) தூள் சரி. இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள்: ஒரு தேக்கரண்டி போட்டால் தொட்டி பால்போல ஆகிவிடும். தேவை 0.02 கிராம்தான்! 1 கிராமை ஒரு துளி பாத்திரச் சவர்க்காரத்துடன் 1 லீற்றர் நீரில் கலந்து, நன்றாகக் குலுக்கி, சிறிஞ்சால் 20 மி.லீ. எடுங்கள். சவர்க்காரம் இல்லாவிட்டால் தூள் கட்டியாகி மிதக்கும்.

532 நானோமீற்றர், 100 மில்லிவாற் பச்சை லேசரை இரண்டு வில்லைகளால் 5 மி.மீ.க்கு விரித்து, 10 மி.மீ. கண்ணாடிக் கோலினூடாக விட்டால் 5 மி.மீ. தடிப்புள்ள ஒளித்தகடு கிடைக்கும்; அதற்குள் வரும் துகள்கள் மட்டும் மின்னும். கண்ணாடியில் தெறிக்கும் ஒளியே கண்ணைக் கெடுக்கும். அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி அணியுங்கள், எதிர்ப்பக்கம் கறுப்புப் பலகை வையுங்கள்.

கமரா தகட்டுக்குச் செங்குத்தாக. செக்கனுக்கு 30 பிரேம், ஷட்டர் 1/125 செக்கன். அடிமட்டத்தை நீருக்குள், தகட்டின் தளத்திலேயே பிடித்து அளவு எடுங்கள். குவியத்தைச் சற்றுத் தளர்த்தி, ஒவ்வொரு துகளும் 3 பிக்சல் அளவு தெரியும்படி வையுங்கள். ஒரே பிக்சலில் அடங்கினால் இடம் துல்லியமாக வராது.

பைதன் நிரல்மொழியில் ட்ராக்பை (trackpy) என்ற இலவச மென்பொருள், பிரேமுக்குப் பிரேம் துகள்களைத் தொடர்ந்து தடங்களைக் கோத்துத் தரும். 1921இல் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் காட்டியபடி, இடப்பெயர்ச்சி வர்க்கத்தின் சராசரி முதலில் நேரத்தின் வர்க்கத்தோடும் பிறகு நேரத்தோடும் வளரும். ஆனால் 5 மி.மீ. தகட்டைத் துகள் அரைச் செக்கனில் தாண்டிவிடும். இரண்டாம் கட்டம் அகப்படாது. அதற்குத் துகள் போடாத நீரைத் தட்டால் கலக்கியபடியே, அடர்ந்த தூள் கலவையைச் சிறிஞ்சால் மெதுவாக ஒரு புள்ளியில் விட்டு, முகிலின் பிரகாசத்தைப் படமெடுங்கள். 10 தடவையாவது செய்து சராசரி எடுங்கள். தூரத்தைச் சிறிஞ்சு முனையிலிருந்து அளக்க வேண்டும். முகிலின் நடுவிலிருந்து அளந்தால் முகில் முழுதாக நகர்ந்தது கணக்கில் வராமல், பரவல் குறைவாகத் தெரியும்.