எச்.ஐ.வி.யுடன் வாழும் தாய்மார்கள்: பிரசவத்துக்குப் பின் கருத்தடை முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அடுத்த குழந்தை வேண்டுமா, வேண்டுமென்றால் எப்போது என்பதைப் பிரசவ வார்டில் முடிவு செய்யாதீர்கள். வலியும் களைப்புமாகப் படுத்திருக்கும்போது நீட்டப்படும் படிவத்தில் கையெழுத்துப் போடும் நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது. ஆகவே ஏழாம், எட்டாம் மாதத்திலேயே நம்பிக்கை மையத்திலோ (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்துச் சிகிச்சை) மையத்திலோ ஆலோசகரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்ப்பால் கொடுக்காத பெண் பிரசவமான 4 வாரங்களிலேயே மீண்டும் கருத்தரிக்கக்கூடும். இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாதிருந்தால் முதல் 6 மாதங்கள் வரை நல்ல பாதுகாப்பு உண்டு. இவற்றில் ஒன்று மாறினாலும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

என் பரிந்துரையில் முதலில் வருவது கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி. நாள்தோறும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தவறாமல் விழுங்க வேண்டிய பெண்ணுக்கு நினைவில் வைக்க இன்னொரு மாத்திரை எதற்கு? பிரசவமான 48 மணி நேரத்துக்குள், இல்லையெனில் 6 வாரங்களுக்குப் பின் பொருத்தலாம். 380-ஏ வகை 10 ஆண்டுகள் வரை பயன்படும். அதில் ஹார்மோன் இல்லாததால் ஏ.ஆர்.டி. மருந்துகளோடு மோதாது. பிரசவத்தின்போது கிருமித் தொற்று ஏற்பட்டிருந்தாலோ, நோய் முற்றி உடல் மிகவும் நலிந்திருந்தாலோ, தேறிய பிறகே பொருத்த வேண்டும்.

அந்தரா என்னும் ஹார்மோன் கருத்தடை ஊசியைத் தாய்ப்பால் கொடுப்பவர்கள் 6 வாரங்களுக்குப் பின் தொடங்கி, 3 மாதங்களுக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளலாம். மாலா-என் என்னும் கருத்தடை மாத்திரைக்கு அவர்கள் 6 மாதங்கள் காத்திருக்க வேண்டும். இப்போது பரவலாகத் தரப்படும் டோலுடெக்ராவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்து கருத்தடை மாத்திரையின் வலுவைக் குறைப்பதில்லை. ஆனால் எஃபவிரென்ஸ் என்னும் மற்றோர் எச்.ஐ.வி. மருந்தும், காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் குறைக்கக்கூடும். எனவே நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்து அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்த முறையைத் தேர்ந்தாலும் ஆணுறையை விட்டுவிடாதீர்கள். காப்பர்-டியோ ஊசியோ பால்வினை நோய்களைத் தடுக்காது. உறையைப் பிரிக்கும் முன் காலாவதித் தேதியைப் பாருங்கள். விரலால் அழுத்தும்போது உள்ளே காற்று மெத்தென்று தட்டுப்படாவிட்டால் அதை எறிந்துவிடுங்கள்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நிரந்தரமானது. பிரசவமான 7 நாட்களுக்குள் அல்லது 6 வாரங்களுக்குப் பின் செய்துகொள்ளலாம். கணவர் செய்துகொள்ளும் தழும்பில்லா வாசக்டமி அதைவிட எளிது; 3 மாதங்கள் கழித்து விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தும் வரை வேறு தடுப்பு முறை தேவை. “இந்த நோயோடு இன்னொரு பிள்ளையா?” என்று கேட்டு ஆபரேஷனுக்கு வற்புறுத்த யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் சம்மதமின்றிச் சிகிச்சை அளிப்பதையும், உங்கள் நிலையை வெளியிடுவதையும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் 2 ஆண்டுகளாவது இடைவெளி விட்டு, வைரஸ் அளவு கட்டுக்குள் இருப்பதைப் பரிசோதித்துக்கொண்டு முயலுங்கள்.

குழந்தைக்கு 6-ஆம் வாரத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் தடுப்பூசியும் இருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்படியும் போகப்போகும் அந்த நாளிலேயே உங்கள் கருத்தடைக்கும் நேரம் கேட்டு வாங்கிவிடுங்கள்.