வேலூர்க் கோட்டையில் சிற்பம் பார்ப்பது எப்படி?

வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் கோட்டைக்குக் கூட்டிப்போவோம். அகழி ஓரம் போட்டோ, உள்ளே சாமி தரிசனம், உடனே பிரியாணிக்குக் கிளம்பிவிடுவோம். கோவிலுக்குள் இருக்கும் கல்யாண மண்டபத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினாலே பெரிய விஷயம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். சிற்பம் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்காக, இப்போது நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், கோவிலில் கூட்டம், அரசு அருங்காட்சியகத்துக்கோ விடுமுறை. மற்ற நாட்களில் காலை ஏழரைக்குள் வந்துவிடுங்கள். செருப்பில்லாமல் நடக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேல் கல் தரை தோசைக்கல்லாகிவிடும்.

ஜலகண்டேஸ்வரர் கோவில் ராஜகோபுரத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்புங்கள். அதுதான் மண்டபம், விஜயநகரக் காலத்து வேலை. இதைப் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் திட்டம் போட்டதாகவும், ஏற்றிப்போக வந்த கப்பல் வழியிலேயே மூழ்கியதாகவும் ஊரில் சொல்வார்கள். கப்பல் கதை எப்படியோ, ஆசைப்பட்டதில் ஆச்சரியமில்லை.

இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறோம்: எல்லாத் தூண்களையும் ஒரு சுற்றில் பார்த்து முடிக்கப் பார்க்கிறோம். அப்படிச் செய்யாமல், முன்வரிசையில் ஒரே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள். கீழிருந்து மேலே பாருங்கள். குதிரையின் காலடியில் இருக்கும் ஆட்கள், பிறகு முன்னங்கால் தூக்கி எழும்பும் குதிரை, அதன் கடிவாளம், மேலே வீரன். அப்புறம் பக்கவாட்டில் போய் நின்றால், முன்னால் தெரியாத உளி வேலை தெரியும். இத்தனையும் ஒரே கல் என்பது அப்போதுதான் உறைக்கும்.

அடுத்து ரிஷப குஞ்சரத்தைத் தேடுங்கள். காளையும் யானையும் எதிரெதிரே நிற்கும், தலை மட்டும் இரண்டுக்கும் ஒன்று. ஒரு பக்கத்து உடலை உள்ளங்கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. குழந்தைகளைக் கூட்டிப்போனால் இங்கிருந்து நகர்த்துவது கஷ்டம். கண்ணில் படவில்லையென்றால் கோவிலில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

பிறகு அண்ணாந்து பாருங்கள். விதானத்தின் நடுவே தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாகக் கிளிகள். கழுத்து கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை.

சரி, இனி சாமி தரிசனம். பல நூற்றாண்டுகள் லிங்கமே இல்லாமல் கிடந்த கருவறை இது. 1981 மார்ச்சில்தான் சத்துவாச்சாரியிலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள்.

வெளியே வந்து, கோட்டைக்குள்ளேயே இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நேரம் குறைவென்றால் நடுகற்களை மட்டும் பாருங்கள். ஆநிரை மீட்கப் போய் இறந்தவர்களுக்கு ஊரார் நட்ட கற்கள் நம் வடாற்காட்டில் நிறைய. மண்டபத்து நுணுக்கம் இவற்றில் இருக்காது. வில்லும் கத்தியும் பிடித்த ஆள், நாலைந்து கோடு, அவ்வளவுதான். எனக்கென்னவோ மண்டபத்தைவிட இவைதான் மனதில் நிற்கின்றன.

தெம்பிருந்தால் இன்னும் இரண்டு இடம் உண்டு. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியின் நினைவுத்தூண் மக்கான் சிக்னல் அருகே. பாலாற்றங்கரையில் முத்து மண்டபம். அது இலங்கையில் கண்டியை ஆண்ட கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் நினைவிடம். அவர் 1832இல் இந்த ஊரில்தான் கைதியாகவே இறந்தார். முத்து மண்டபத்துக்கு ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பிரியாணி. எந்தக் கடை என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் வீட்டிலேயே அதில் இரண்டு கட்சி.