தொழிற்கல்வி குரூப்பில் சேர்க்குமுன்: நானும் செய்த தவறுகள்

பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாளே எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். ஓய்வு பெற்றுவிட்டேன் என்றாலும் குடியாத்தம் பக்கத்தில் நான் இன்னும் ‘மெக்கானிக் வாத்தியார்’தான். அரசு மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவில் அடிப்படை இயந்திரவியல் சொல்லிக்கொடுத்தவன். “சார், பையனை வொகேஷனல்ல போடலாமா?” என்று ஆரம்பிப்பார்கள். வருஷா வருஷம் ஆட்கள் மாறுகிறார்கள், செய்யப்போகிற தவறு மாறுவதில்லை. அதில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

சர்டிபிகேட்டை லேமினேட் செய்வது, கடைசி நாளில் அப்ளிகேஷன் வாங்க ஓடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எல்லாருக்கும் தெரியும்.

மார்க் குறைச்சல், அதனால் தொழிற்கல்வி

படிப்பு வராத பிள்ளைக்கு இது ஒதுங்க இடம் என்று ஒரு நினைப்பு. இங்கேயும் தியரி உண்டு, ரெக்கார்டு உண்டு, பொதுத்தேர்வு உண்டு. போதாததற்குக் கைவேலையும் வர வேண்டும்.

என் வகுப்பில் முதல் சில வாரங்கள் ஃபைலிங்தான். ஒரு இரும்புத் துண்டை வைஸில், அதாவது பட்டறைப் பிடிப்பானில் இறுக்கி, அரத்தால் ராவி, நாலு பக்கமும் சதுரமாக்க வேண்டும். மூலைமட்டமான ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடி ராவு. உள்ளங்கை கொப்பளிக்கும். சில பிள்ளைகள் அந்த வெளிச்சக் கீற்றை ஒழிக்காமல் சாப்பிடக்கூடப் போக மாட்டார்கள். சிலர் இரண்டாம் நாளே துண்டை வைஸிலேயே விட்டுவிட்டு வெளியே நிற்பார்கள். இரண்டு வகையிலும் பத்தாவதில் 450 வாங்கியவனும் இருந்தான், 200 வாங்கியவனும் இருந்தான்.

குரூப்பின் பெயரை நம்புவது

இதை எழுதும்போது இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது, முதலில் என் மேலேயே.

எங்கள் ஊர்ப் பக்கம் நர்ஸ் படிப்பின் மேல் இருக்கிற ஆசை புதிதல்ல. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கிய ஊர் வேலூர். 1946-லேயே இங்கே நர்சிங் பட்டப்படிப்பு வந்துவிட்டது. சி.எம்.சி. வாசலைத் தாண்டிப் போகிற எந்த அம்மாவுக்கும் தன் மகளை அந்த யூனிஃபார்மில் பார்க்கத் தோன்றும். பேரணாம்பட்டில் இருக்கிற என் அக்காவுக்கும் தோன்றியது. “இன்னாடா, இவளை நர்ஸுக்குப் படிக்க வெக்கணும். எந்தக் குரூப்புல சேர்க்கறது?” என்று கேட்டாள். தொழிற்கல்வியில் நர்சிங்கும் ஒரு குரூப். நான் தொழிற்கல்வி வாத்தியார் ஆயிற்றே, யோசிக்கவே இல்லை. “அதான் நர்சிங் குரூப்புன்னு பேர்லயே கீதே” என்றேன்.

பெண் நன்றாகவே படித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய் டெம்பரேச்சர் சார்ட் எழுதினாள், பி.பி. பார்த்தாள், நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றக் கற்றுக்கொண்டாள். ப்ளஸ் டூ முடிந்தது. பி.எஸ்ஸி. நர்சிங் விண்ணப்பத்தை எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினாள். நடுவில் பேனாவை நிறுத்திக்கொண்டு கேட்டாள்: “மாமா, பிசிக்ஸ் மார்க்குன்னு ஒரு கட்டம் இருக்குது. அதுல இன்னா எழுதறது?”

எழுத ஒன்றும் இல்லை. பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். அவள் மார்க் ஷீட்டில் உயிரியல் மட்டும் இருந்தது. நர்சிங் பாடத்தில் அவள் வாங்கிய மார்க்கை எழுத அந்த விண்ணப்பத்தில் கட்டமே இல்லை. அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. “சரி விடுடா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு டிப்ளமோ நர்சிங்கில் சேர்ந்தாள். அதற்கு எந்தக் குரூப்பும் ஆகும், கலைப் பிரிவு படித்தவர்களும் சேரலாம். மூன்று வருஷம். அதன்பின் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, டிப்ளமோ முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. இரண்டு வருஷம். நேராகப் போயிருந்தால் நாலு வருஷத்தில் முடிந்திருக்கும். ஒரு வருஷம்தானே என்பவர்கள் அந்த ஒரு வருஷத்து ஃபீஸையும் ஹாஸ்டலையும் கட்டிப் பார்க்கட்டும்.

நர்சிங் குரூப்பே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. டிப்ளமோதான் குறி என்று தெரிந்தே சேருகிற பெண்ணுக்கு அந்த இரண்டு வருஷ வார்டு பழக்கம் நிச்சயம் கைகொடுக்கும். எம்.பி.பி.எஸ். கனவை உள்ளே வைத்துக்கொண்டு சேர்ந்தால்தான் வம்பு. நீட்டுக்கும் அதே மூன்று பாடங்கள்தான்.

என் குரூப்பிலும் இந்தக் கதை உண்டு. இன்ஜினியரிங் கலந்தாய்வில் தொழிற்கல்விப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது, உண்மை. அதில் சீட் வாங்கிப் போன ஒரு பையன் முதல் செமஸ்டரிலேயே என்னைத் தேடி வந்தான். பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் ப்ளஸ் ஒன்னிலேயே முடித்த இயற்பியலையும் வேதியியலையும் அவன் அங்கேதான் புதிதாகத் தொடுகிறான். லேப்பில் மட்டும் அவன்தான் ராஜா. அரியர் விழுந்ததெல்லாம் தியரியில்.

அதனால் ப்ளஸ் ஒன் குரூப்பைத் தலைகீழாகத் தேர்ந்தெடுங்கள். பிள்ளை ப்ளஸ் டூவுக்குப் பிறகு போக நினைக்கிற படிப்பின் விண்ணப்பத்தை முதலில் எடுங்கள். தகுதி என்று போட்டிருக்கிற வரியைப் படியுங்கள். அதில் இருக்கிற பாடங்கள் இந்தக் குரூப்பில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பேனாவால் டிக் அடியுங்கள். இதற்குப் பத்து நிமிஷம் ஆகும்.

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், தொழிற்கல்வி எல்லாம் ஒன்றே என்று நினைப்பது

மூன்றும் வேறு வேறு. ஐ.டி.ஐ.யில் ஒரு தொழிலை மட்டும் ஆழமாகப் படிக்கலாம், ஃபிட்டர் என்றால் இரண்டு வருஷம். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீடு என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போனால் மூன்று வருஷம். ப்ளஸ் டூ தொழிற்கல்வி முடித்தவனும், இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவனும் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ முடித்தவன் பி.இ.யிலும் அதேபோல இரண்டாம் வருஷம் சேரலாம். தொரப்பாடி பாலிடெக்னிக்குக்கு இப்படிப் போனவர்கள் என் மாணவர்களிலேயே பலர்.

அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டத்தில் ப்ளஸ் டூ தொழிற்கல்வி முடித்தவர்களுக்கும் உதவித்தொகையோடு ஒரு வருஷப் பயிற்சிக்கு இடம் இருக்கிறது. பள்ளியில் யாராவது சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே கேளுங்கள்.

பட்டறையைப் பார்க்காமல் சேர்ப்பது

ஹெட்மாஸ்டர் ரூமோடு திரும்பிவிடாதீர்கள், பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) வேலைத் துண்டைப் பிடிக்கிற ‘சக்’கைத் தொட்டுப் பாருங்கள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் சந்தோஷம். துரு ஒட்டினால், அந்தப் பாடத்துக்கு வாத்தியார் போஸ்டில் ஆள் இருக்கிறாரா, அவர் எப்போது ரிட்டயர் ஆகிறார் என்று கேளுங்கள். நான் ஓய்வு பெற்ற வருஷம் சேர்ந்த பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கூட்டாளியும் அங்கேதான் சேர்கிறான்

சேரட்டும்.

பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு லேத்து

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் கேட்டருகே நின்று பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

பிள்ளையைக் கேட்காமல் முடிவெடுப்பது

இந்த ஜூனில் காட்பாடியிலிருந்து ஒருவர் மகனோடு வந்திருந்தார். முக்கால் மணி நேரம் அவரே பேசினார். தன் ஆபீஸ், தன் கடன், தம்பி மகன் வாங்குகிற சம்பளம் எல்லாம் வந்தது. பையன் வாயே திறக்கவில்லை. திண்ணை ஓரத்தில் என் பழைய வைஸ் ஒன்று கிடக்கிறது. அதன் கைப்பிடி பல நாளாக இறுகிப்போய் இருந்தது. அப்பா எழுந்து செருப்பு மாட்டும்போது பார்த்தேன், பையன் என் சைக்கிள் பக்கத்தில் கிடந்த தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்து அதன் திருகில் நாலு சொட்டு விட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டிருந்தான்.

“கொஞ்சம் உட்காருங்க” என்று அப்பாவிடம் சொன்னேன்.