வங்கிக்கு ஒரு பிரவுசர், மற்றதற்கு வேறொன்று; மெயிலுக்குத் தனிச் செயலி

எந்த பிரவுசர் பாதுகாப்பானது என்று கேட்டால் ஒரே பெயரைச் சொல்லிவிட முடியாது. வங்கி, வருமான வரி, இபி பில் எல்லாம் ஒரு வகை வேலை. யூடியூப், பள்ளி பிராஜெக்ட்டுக்குப் படம் தேடுவது, சீரியல் பார்க்க எங்கெங்கோ போவது இன்னொரு வகை. இரண்டையும் ஒரே பிரவுசரில் செய்யும்போதுதான் வம்பு உள்ளே வருகிறது. அதனால் இரண்டு பிரவுசர் வைத்துக்கொள்ளுங்கள். மெயிலுக்குத் தனியாக ஒரு செயலி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுமே இலவசமாகக் கிடைப்பவை. எதை எடுப்பது, எப்படிச் சரிசெய்வது, எங்கே மாட்டிக்கொள்ளும் என்று பார்ப்போம்.

முதலில் மெஷின்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 7 ஓடினால், எந்த பிரவுசரைப் போட்டாலும் பெரிய பயன் இல்லை. குரோம் அதற்கு 2023-ல் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஃபயர்பாக்ஸில் 115 இஎஸ்ஆர் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு மேல் போகாது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் வழக்கமான ஆதரவு முடிந்தது. அந்த மெஷின் விண்டோஸ் 11-ஐத் தாங்காது என்றால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். ஃபயர்பாக்ஸும், தண்டர்பேர்டு என்ற மெயில் செயலியும் அதிலேயே வந்துவிடும். ஆனால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்தும் ஆடிட்டர் ஆபீஸ் என்றால், டோக்கனின் டிரைவர் லினக்ஸுக்குக் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு மாறுங்கள்.

பெயர் பல, எஞ்சின் சில

குரோம், எட்ஜ், பிரேவ், விவால்டி, ஓபரா ஐந்தும் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டியவை. அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் ஐந்துக்கும் பாதிப்பு. திருத்தம் பெரும்பாலும் குரோமுக்கு முதலில் வரும், மற்றவை பின்தொடரும். ஃபயர்பாக்ஸின் எஞ்சின் கெக்கோ, முற்றிலும் வேறு. ஆகவே குரோமும் பிரேவும் வைத்துக்கொள்வதைவிட, ஒரு குரோமியமும் ஒரு ஃபயர்பாக்ஸும் வைத்துக்கொள்வது மேல். ஒரு தளம் ஒன்றில் திறக்காவிட்டால் இன்னொன்றில் பார்க்கவும் முடியும்.

அப்டேட் விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று: பிரவுசர் அப்டேட்டைத் தானாக இறக்கிக்கொள்ளும், ஆனால் மூடித் திறக்கும் வரை பழைய பதிப்பிலேயேதான் ஓடும். நாற்பது டேபைத் திறந்து வைத்து, மெஷினை ஸ்லீப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் ஆபீஸ்களில் வாரக்கணக்கில் திருத்தம் ஏறாமலே கிடக்கும். தினமும் மாலையில் பிரவுசரை முழுசாக மூடுங்கள். பிரவுசரோடு கூடுதலாகச் சேர்க்கும் எந்த எக்ஸ்டென்ஷனும் தராத பாதுகாப்பு இதில் கிடைக்கிறது.

ஊர் சுற்றும் பிரவுசர்: ஃபயர்பாக்ஸ்

பொது வேலைக்கு எங்கள் தேர்வு ஃபயர்பாக்ஸ்தான். முக்கியக் காரணம் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரம் தடுக்கும் எக்ஸ்டென்ஷன். குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால் அதன் முழு வடிவம் அங்கே இப்போது வேலை செய்யாது, மெலிந்த லைட் பதிப்பு மட்டுமே கிடைக்கும். ஃபயர்பாக்ஸில் முழு வடிவமும் ஓடுகிறது. படம் இறக்கும் தளங்களில் நாலு டவுன்லோட் பட்டன் தெரியும், அதில் மூன்று விளம்பரம். அந்த மூன்றும் கண்ணிலேயே படாவிட்டால் தவறி அழுத்தும் பேச்சே இல்லை.

நிறுவியதும் செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய் நாலு மாற்றங்கள் செய்யுங்கள்.

டிராக்கிங் பாதுகாப்பை ஸ்ட்ரிக்ட் ஆக்குங்கள். ஏதாவது தளம் பாதி வெள்ளையாக நின்றால், அட்ரஸ் பாரின் இடதுபுறக் கேடயத்தை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் தளர்த்துங்கள்; மொத்தமாக ஸ்டாண்டர்டுக்குத் திரும்ப வேண்டாம்.

பூட்டிய இணைப்பு உள்ள தளங்களை மட்டும் நேராகத் திறக்கும் எச்டிடிபிஎஸ்-ஒன்லி மோடை எல்லா விண்டோவுக்கும் போடுங்கள். பழைய தளம் சில எச்சரிக்கைப் பக்கம் காட்டும். படிக்க மட்டும் என்றால் தொடரலாம். பாஸ்வேர்டோ ஆதார் எண்ணோ கேட்கும் பக்கம் என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

பிரைமரி பாஸ்வேர்டு வையுங்கள். அது இல்லாவிட்டால், உங்கள் நாற்காலியில் உட்காரும் யாரும் சேமித்த பாஸ்வேர்டுகளை எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். அதையே மறந்துவிட்டால் ரீசெட் செய்யலாம், ஆனால் சேமித்தவை அத்தனையும் அழிந்துவிடும். ஒரு தாளில் எழுதி பீரோவில் வைப்பதில் தவறில்லை.

கடைசியாக, நோட்டிஃபிகேஷன். புதிதாக அனுமதி கேட்கும் கோரிக்கைகளையே தடுக்கும் டிக் ஒன்று இருக்கிறது, போட்டுவிடுங்கள். திரையின் வலது மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்" என்று அடிக்கடி எட்டிப் பார்க்கும் பெட்டி பெரும்பாலும் வைரஸே கிடையாது. என்றைக்கோ ஒரு தளத்தில் "அலவ்" அழுத்தியதன் விளைவு. ஃபார்மேட் செய்யக் காசு கொடுப்பதற்கு முன், அனுமதிப் பட்டியலைத் திறந்து அந்தத் தளத்தை நீக்கிப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. பிரேவ் நல்ல மாற்று: நிறுவியவுடனேயே விளம்பரம் தடுக்கும், எக்ஸ்டென்ஷன் தேடத் தெரியாத வீட்டுப் பெரியவர்களுக்கு ஏற்றது, ரிவார்ட்ஸ், வாலட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். விவால்டியில் மெயிலும் உள்ளேயே உண்டு, ஆனால் மெனு அதிகம், புதியவர்கள் தடுமாறுவார்கள். அடையாளத்தை மறைக்கும் டோர் பிரவுசர் அன்றாட வேலைக்கு இல்லை. வங்கித் தளங்கள் அதை உள்ளே விடாமலும் போகலாம். யூசி பிரவுசர் 2020 ஜூனிலேயே இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. பழைய போனில் இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பணம், வரி, அரசு: எட்ஜ் அல்லது குரோம்

இதில் எக்ஸ்டென்ஷன் ஒன்றுகூட இருக்கக்கூடாது. பக்கத்தைப் படிக்க அனுமதி வாங்கிய எக்ஸ்டென்ஷன், வங்கிப் பக்கத்தையும் படிக்கும். மற்றச் சாதனங்களோடு இணைக்கும் ஸிங்க் வேண்டாம், கார்டு எண் சேமிக்க வேண்டாம். வங்கி, வருமான வரி, ஜிஎஸ்டி, மாநகராட்சி சொத்து வரி, மெட்ரோ வாட்டர், இபி என்று தேவையான தளங்களை ஒருமுறை கவனமாகத் தட்டச்சு செய்து புக்மார்க் போடுங்கள். பிறகு அந்த புக்மார்க் வழியாக மட்டும் போங்கள். கூகுளில் தேடி முதலில் வருவதை அழுத்த வேண்டாம், முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். வங்கிகளெல்லாம் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபருக்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. பழைய புக்மார்க் இருந்தால் புதுப்பியுங்கள்.

இதற்கு ஃபயர்பாக்ஸ் ஆகாதா என்றால், ஆகும். ஆனால் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் இடத்தில் சிக்கல் வரும். ஜிஎஸ்டி தளம் உங்கள் மெஷினுக்குள் ஓடும் எம்சைனர் என்ற கையெழுத்துச் செயலியோடு பேசித்தான் கையெழுத்து வாங்குகிறது. அந்த உள்ளூர் முகவரியின் சான்றிதழை பிரவுசர் நம்பாவிட்டால் "எம்சைனரை மறுபடி தொடங்கவும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும். நீங்களும் பத்து தடவை தொடங்குவீர்கள். டேப் ஒன்றைத் திறந்து எச்டிடிபிஎஸ் சேர்த்து 127.0.0.1:1585 என்று அடித்து, எச்சரிக்கையில் அட்வான்ஸ்டு அழுத்தி ஏற்றுக்கொண்டால் சரியாகும். சான்றிதழ் எச்சரிக்கையைத் தாண்டிப் போகலாம் என்று நாங்கள் சொல்வது, உங்கள் சொந்த மெஷினையே குறிக்கும் இந்த முகவரிக்கு மட்டும்தான். பிரேவ் இப்படி உள்ளூர் முகவரியைத் தொடுவதையே தடுக்கும். புதிய குரோமில் அனுமதி கேட்டால், ஜிஎஸ்டி தளத்துக்குக் கொடுங்கள்.

மெயில்: தண்டர்பேர்டு

விண்டோஸோடு வந்த பழைய மெயில் செயலிக்கு 2024 டிசம்பர் 31-ல் ஆதரவு முடிந்தது. அதன் இடத்தில் வந்திருப்பது புதிய அவுட்லுக். பார்க்க எளிது. ஆனால் ஜிமெயிலையோ கம்பெனி மெயிலையோ அதில் சேர்த்தால், மெயில்களின் நகல் மைக்ரோசாஃப்ட்டின் சர்வர் வழியாகப் போகிறது. வாடிக்கையாளரின் பான், பேலன்ஸ் ஷீட் எல்லாம் வந்து போகும் பெட்டிக்கு அது வேண்டாம். தண்டர்பேர்டு உங்கள் மெயில் சர்வரோடு நேராகப் பேசும். ஆண்ட்ராய்டு போனுக்கும் உண்டு. பழைய கே-9 மெயில்தான் 2024 அக்டோபரில் அந்தப் பெயரில் வந்தது.

பெயர், மெயில் முகவரி, பாஸ்வேர்டு கொடுத்தால் மீதியை அதுவே கண்டுபிடிக்கும். மெயிலை வாங்கும் முறைகளான ஐமேப், பாப் இரண்டில் ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள், அது மெயிலை சர்வரிலேயே வைத்திருக்கும். பாப் மெயிலை ஒரே மெஷினுக்கு இறக்கி, அமைப்பைப் பொறுத்து சர்வரிலிருந்து அழித்தும் விடும். ஹார்டு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. வரும் மெயிலுக்கு போர்ட் 993, போகும் மெயிலுக்கு 465 அல்லது 587 இருக்கிறதா பாருங்கள். 143-ல் பாதுகாப்பு "நன்" (எதுவும் இல்லை) என்று இருந்தால், காபி ஷாப் வைஃபையில் உங்கள் பாஸ்வேர்டு வெட்டவெளியில் போகிறது என்று பொருள்.

ஜிமெயிலில் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடவில்லை என்றால், அங்கீகார முறை "நார்மல் பாஸ்வேர்டு" என்று இருக்கும். தனிநபர் கணக்குகளுக்கு அதை கூகுள் 2022 மே 30-லிருந்து நிறுத்திவிட்டது. கூகுளின் பக்கத்திலேயே லாகின் செய்யும் முறையான ஓஆத்2 என்று மாற்றுங்கள். கூகுளின் லாகின் பக்கம் திறக்கும். அது திறந்து திறந்து மூடினால் தண்டர்பேர்டின் செட்டிங்ஸில் குக்கீ அணைந்திருக்கும். சொந்த டொமைன் மெயிலில் சான்றிதழ் பெயர் பொருந்தவில்லை என்று வந்தால் எக்ஸெப்ஷன் கொடுக்காதீர்கள். ஹோஸ்டிங் கம்பெனியிடம் சரியான சர்வர் பெயரைக் கேட்டு அதைப் போடுங்கள்.

இரண்டு இடத்தில் கவனம். பெரிய பெட்டியைச் சேர்த்தவுடன் எல்லா மெயிலையும் இறக்கத் தொடங்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் அன்றைய டேட்டா காலி. அக்கவுன்ட் செட்டிங்ஸில் ஸிங்க்ரனைசேஷன் பகுதியில் சமீப நாட்கள் மட்டும் என்று வையுங்கள். அடுத்தது ஆன்டிவைரஸ். தண்டர்பேர்டு வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில் முழுவதையும் ஒரே கோப்பாக வைக்கிறது. அதில் ஒரு மெயிலில் வைரஸ் என்று ஆன்டிவைரஸ் அந்தக் கோப்பைத் தூக்கினால் இன்பாக்ஸே மறைந்துவிடும். மெயில் ஒவ்வொன்றாக வரும்போதே சோதிக்க அனுமதிக்கும் டிக் பிரைவசி அண்டு செக்யூரிட்டியில் இருக்கிறது, அதைப் போடுங்கள்.

மெயிலும் பிரவுசரும் சந்திக்கும் இடம்

தண்டர்பேர்டில் ஒரு லிங்கை அழுத்தினால் டிஃபால்ட் பிரவுசரில் திறக்கும். ஆகவே டிஃபால்ட்டாக ஃபயர்பாக்ஸ் இருக்கட்டும். வங்கி பிரவுசரை ஒருபோதும் டிஃபால்ட் ஆக்காதீர்கள். "ரீஃபண்ட் தயார்" என்று வரும் போலி மெயில் எங்கே திறந்தாலும், உங்கள் வங்கி லாகின் இருக்கும் பிரவுசரில் திறக்காது.

அழுத்தும் முன் லிங்க் மேல் மவுஸை வையுங்கள். நிஜ முகவரி விண்டோவின் அடியில் தெரியும். முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடதுபுறமாகப் படியுங்கள். வருமான வரித் தாக்கல் தளம் என்றால் இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் என்றுதான் அங்கே முடிய வேண்டும். முன்னால் இன்கம்டாக்ஸ் என்று எத்தனை முறை வந்தாலும் கணக்கில்லை. எச்டிஎம்எல் கோப்பு இணைப்பாக வந்தால் திறக்க வேண்டாம்: அது உங்கள் டிஸ்க்கிலிருந்தே போலி லாகின் பக்கத்தைக் காட்டும், அட்ரஸ் பாரில் "ஃபைல்" என்று தொடங்கும்.

பேக்கப்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கரண்டும் நெட்டும் நாட்கணக்கில் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் இன்ஷூரன்ஸ் பாலிசி மெயில் லேப்டாப்பிலேயே இறங்கியிருந்தால் சார்ஜ் இருக்கும்வரை படிக்கலாம். தண்டர்பேர்டின் ஐமேப் நகல் அதைத் தருகிறது. நகலுக்கும் ஒரு நகல் எடுங்கள். ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன், அதில் புரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். டூல்ஸில் இருக்கும் எக்ஸ்போர்ட் 2 ஜிபிக்கு மேற்பட்ட பெட்டிக்கு ஆகாது. டிஸ்க் மாடி வீட்டில் இருக்கட்டும்.

ஏமாந்து பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால் அதை மாற்றினால் மட்டும் போதாது. ஜிமெயிலின் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். உள்ளே வந்தவர் உங்கள் மெயிலின் நகல் தனக்கு வரும்படி வைத்துவிட்டுப் போயிருக்கலாம்; பாஸ்வேர்டு மாறினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு எல்லாச் சாதனங்களிலிருந்தும் சைன் அவுட் செய்து, இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். பணம் போயிருந்தால் இதெல்லாம் பின்னால். முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள், அடுத்த நிமிடமே வங்கிக்கும்.