சார்ள் து கோலில் இறங்கி லாச்சப்பல் போய்ச் சேர

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் யாராவது பாரிஸுக்கு வெளிக்கிட்டால், அதற்கு முதல் கிழமை என்னிடம் வந்து வழி கேட்பார்கள். மூத்த மகள் பாரிஸுக்குப் பக்கத்து ஊரான லாகூர்நெவ்வில் இருப்பதால் எனக்கு அந்தப் பாதை பழக்கம். கேட்கிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர். பேரப்பிள்ளை பிறந்திருக்கும், இல்லாவிட்டால் பிள்ளைக்குக் கலியாணம் சரிவந்திருக்கும். விசா கிடைத்துவிட்டது, ரிக்கட்டும் எடுத்தாயிற்று. மொழி தெரியாத ஊரில் எயார்போட்டிலிருந்து வீடு போய்ச் சேருவதுதான் பயம். எல்லோருக்கும் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிள்ளையை எயார்போட்டுக்கு வரச் சொல்லாதீர்கள். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள். கட்டுநாயக்காவுக்கு வான் பிடித்து, குடும்பமாகப் போய் ஆளை ஏற்றி வருவது நமக்குப் பழகிப்போன விஷயம். அங்கே பிள்ளைகள் விடியமுன் வேலைக்கு ஓடுகிறார்கள். விமானம் எத்தனை மணிக்கு வரும், குடிவரவு வரிசை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்கள் அரை நாளைத் தொலைத்துவிட்டு எயார்போட்டில் நிற்பதைவிட, நீங்கள் ரயிலில் ஏறியதும் ஒரு தகவல் அனுப்பினால், வீட்டுக்குக் கிட்ட உள்ள ஸ்டேஷனில் வந்து நிற்பார்கள். எழுபது வயதுக்காரராலும் இது முடியும். மாறி ஏறத் தேவையில்லாத ஒரே ரயில் அது.

அந்த ரயிலின் பெயர் ஆர்.இ.ஆர். பி. வரைபடத்தில் நீல நிறக் கோடு. சார்ள் து கோல் விமான நிலையம் பாரிஸ் நகரத்துக்கு வடகிழக்கே, ஏறக்குறைய 25 கிலோமீற்றர் தள்ளி ருவாசியில் இருக்கிறது. அங்கிருந்து வரும் பாதையைப் பாருங்கள்: வில்பாந்த், செவ்ரோன், ஓல்னே, புளோமெனில், திரான்சி, லு பூர்ஜே, லாகூர்நெவ், பிறகு பாரிஸ் நகரத்துக்குள் கார் து நோர் ஸ்டேஷன். நம்மவர்கள் குடியிருக்கும் ஊர்கள் எத்தனை இதில் வந்துவிட்டன! பிள்ளை இந்தக் கோட்டில் எந்த ஸ்டேஷனுக்குக் கிட்ட இருக்கிறது என்று கொழும்பிலேயே கேட்டு, அந்தப் பெயரைப் பிரெஞ்சு எழுத்திலேயே ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கைப்பையில் வையுங்கள். லாகூர்நெவ் என்று சொன்னால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். அந்தப் பெயரில் ஆர்.இ.ஆர். ஸ்டேஷன் ஒன்று, 7ஆம் இலக்க மெட்ரோவின் கடைசி ஸ்டேஷன் இன்னொன்று. இரண்டும் வேறு வேறு இடம். ஒருவர் ஒன்றிலும் மற்றவர் மற்றதிலும் நின்றுகொண்டு ஒருவரையொருவர் தேடுவது அடிக்கடி நடக்கிற கதை.

வெளிக்கிட முதல் ஒரு சின்ன வேலை. பாஸ்போட் அளவுப் படம் ஒன்றை இரண்டரைக்கு மூன்று சென்ரிமீற்றர் அளவில் வெட்டிக் கொண்டுபோங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். அழைப்புக் கடிதம், காப்புறுதி, திரும்பும் ரிக்கட் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வைக்க வேண்டாம். ஒரு கம்பளிச் சட்டையும் கையோடு இருக்கட்டும். மார்கழி, தை என்றால் மேடையில் நிற்கும் பத்து நிமிடமே போதும், கொழும்பு உடம்பு விறைத்துவிடும்.

விமானத்தால் இறங்கிக் குடிவரவு முடிக்க நேரம் எடுக்கும். 2025 ஒக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களின் விவரத்தைக் கணினியில் பதியும் புதிய முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். ஆகவே அவசரப்பட வேண்டாம். பெட்டி எடுத்து வெளியே வந்ததும் எயார்போட்டின் இலவச வைபையில் இணைந்து, வட்ஸ்அப்பில் பிள்ளைக்கு "இறங்கிவிட்டேன்" என்று போடுங்கள். இதற்காக ரோமிங் எடுத்துக் காசைக் கரைக்கத் தேவையில்லை.

வருகை மண்டபத்தில் யாராவது கிட்ட வந்து "டக்சி, டக்சி" என்று மெல்லிய குரலில் கேட்டால் நிற்காமல் நடவுங்கள். நல்லவர்போல் சிரிப்பார், பெட்டியையும் தூக்கிவிடுவார், இறங்கும்போது சொல்கிற தொகை வேறாக இருக்கும். அனுமதி பெற்ற டக்சி உள்ளே வந்து ஆள் பிடிக்காது. வெளியே வரிசையில், கூரையில் விளக்கோடுதான் நிற்கும்.

இனி ரயிலுக்கு. நீங்கள் இறங்கிய முனையம் எது என்று ரிக்கட்டில் இருக்கும். இரண்டாம் முனையம் என்றால் ஸ்டேஷன் அதோடு சேர்ந்தே இருக்கிறது. ரயில் படம் போட்ட பலகைகளைப் பார்த்துக்கொண்டு போனால் சரி. முனையம் பெரியது, கால் மணி நேரம் நடக்க வேண்டியும் வரலாம். முதலாம் முனையம் என்றால் சீ.டீ.ஜீ. வால் என்ற குட்டி ரயிலில் ஏற வேண்டும். அதற்குக் காசு இல்லை, சாரதியும் இல்லை. அந்தக் குட்டி ரயிலால் மூன்றாம் முனையத்தில் இறங்கினால் அங்கேயே ஆர்.இ.ஆர். ஸ்டேஷன். மூன்றாம் முனையத்துக்காரர் அங்கே நடந்தே போகலாம்.

ரிக்கட் விஷயத்தைக் கவனமாக வாசியுங்கள். விமான நிலையத்துக்கென்று தனி ரிக்கட் உண்டு. 2025இல் அதன் விலை 13 யூரோ. ஒவ்வொரு ஜனவரியிலும் கட்டணம் மாறும், ஆகவே கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். இதை நவிகோ ஈஸி என்ற அட்டையில் ஏற்றித் தருவார்கள். அட்டைக்குத் தனியாக 2 யூரோ. ஆளுக்கொரு அட்டை வேண்டும், கணவனும் மனைவியும் ஒன்றை மாறி மாறித் தட்ட முடியாது. நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ரிக்கட் வேண்டாம். நகரத்துக்குள் ஓடும் சாதாரண மெட்ரோ ரிக்கட் மலிவு, ஆனால் விமான நிலையத்துக்கு அது செல்லாது. திரும்பி வரும்போது அந்த ரிக்கட்டோடு வந்தால் எயார்போட் கதவு திறக்காது, தண்டமும் கட்ட நேரும். மெஷினில் தட்டத் தயக்கம் என்றால் பக்கத்தில் ஆள் இருக்கும் கவுண்டர் உண்டு. வரிசை நீளம்தான், இருந்தாலும் முதல் தடவைக்கு அதுதான் நிம்மதி.

திங்கள் தொடக்கம் வியாழனுக்குள் போய் இறங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கிழமை நவிகோ எடுங்கள். 2025இல் 31 யூரோ 60 சதம். அந்தக் கிழமை ஞாயிறு இரவு வரை பாரிஸிலும் சுற்றுவட்டாரத்திலும் மெட்ரோ, பஸ், ஆர்.இ.ஆர். எல்லாம் ஓடலாம், விமான நிலையமும் அதற்குள் அடக்கம். அதற்கான அட்டை 5 யூரோ, படம் ஒட்ட வேண்டும். கொழும்பிலேயே படம் வெட்டச் சொன்னது இதற்குத்தான். ஆனால் கணக்கு எப்போதும் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். சனிக்கிழமை போய் இறங்கினால் எடுத்துப் பிரயோசனம் இல்லை.

அட்டையை ஊதா நிற வட்டத்தில் வைத்ததும் கதவு திறக்கும். பெட்டியோடு போக அகலமான கதவு ஓரத்தில் இருக்கும், அதையே பாருங்கள். அட்டையை உடனே உள்ளே திணிக்காதீர்கள், இறங்கும் ஸ்டேஷனிலும் தட்டித்தான் வெளியேற வேண்டும்.

மேடைக்கு வந்ததும் மேலே தொங்கும் திரையைப் பாருங்கள். வரப்போகும் ரயில் எந்தெந்த ஸ்டேஷனில் நிற்கும் என்று அதில் இருக்கும். சில ரயில்கள் இடையில் எங்கும் நிற்காமல் நேரே கார் து நோருக்குப் போகும், அரை மணி நேரம்கூட ஆகாது. தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதிக்குப் போகிறவருக்கு அது வாய்ப்பு. லாகூர்நெவ்வோ திரான்சியோ போகிறவர் அதில் ஏறினால் பிள்ளை நிற்கும் ஸ்டேஷன் யன்னலுக்கு வெளியே ஓடி மறையும். அவர்கள் எல்லா இடமும் நிற்கிற ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். கையில் இருக்கும் தாளைத் திரையோடு ஒப்பிட்டு, அந்தப் பெயர் இருந்தால் ஏறுங்கள். இல்லாவிட்டால் அடுத்தது வரும், அதிக நேரம் ஆகாது.

ரயிலுக்குள் பெட்டியைக் காலோடு அணைத்து வைத்து, கதவுக்குத் தள்ளியே இருங்கள். இந்தப் பாதையில் பறிப்பும் களவும் உண்டு. கதவு மூடப்போகிற நேரத்தில் கைபேசியைப் பறித்துக்கொண்டு குதித்து ஓடுவார்கள். அம்மாமார் தாலிக்கொடியையும் காப்பையும் சட்டைக்குள் மறைத்து, மேலே சால்வையைப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று நகை போட்டுப் போகிற ஆசை எனக்கும் விளங்குகிறது, அதை வீட்டுக்குப் போய்ப் போடலாம்.

கார் து நோர் பெரிய சந்தடி. அங்கே இறங்கினால் லாச்சப்பல் கிட்டத்தான். ஃபோபூர் சென் தெனி வீதிப் பக்கம் வெளியேறி, அந்த வீதியாலேயே வடக்கே நடந்தால் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கைல் வீதியும் பெர்தொனே வீதியும் அதன் கிளைகள். மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் அடுக்கியிருக்கும், நகைக்கடை, சேலைக்கடை, கொத்துரொட்டிச் சத்தம் எல்லாம் உண்டு. பஜோல் வீதியில் மாணிக்கப் பிள்ளையார் கோயில். ஆவணியில் அங்கே தேர் என்றால் வீதி முழுக்கச் சிதறுதேங்காய். பெட்டி கனம் என்றால் நடக்க வேண்டாம், ஸ்டேஷனிலேயே பிள்ளை வரும் வரை நில்லுங்கள். அதே ரிக்கட்டில், வெளியே வராமல், மெட்ரோவுக்கு மாறியும் போகலாம். ஆனால் பாரிஸ் மெட்ரோவின் பழைய பாதைகளில் லிஃப்ட் அநேகமாக இல்லை. முப்பது கிலோப் பெட்டியோடு அந்தப் படிக்கட்டில் ஏறுவது முழங்கால் நோக்காட்டுக்காரருக்குச் சரிவராது.

டக்சி எப்போது எடுக்கலாம்? நாலு பேராகப் போனால். 2025 கட்டணப்படி நாலு ரயில் ரிக்கட் 52 யூரோ. எயார்போட்டிலிருந்து பாரிஸ் நகரத்துக்குள், செயின் ஆற்றின் வடகரைக்கு அதே ஆண்டில் டக்சிக் கட்டணம் 56 யூரோ, தென்கரைக்கு 65. ஆளுக்கு அல்ல, காருக்கு. லாச்சப்பல் வடகரையில்தான் இருக்கிறது. இந்த நிர்ணயம் பாரிஸ் நகர எல்லைக்குள் மட்டும். லாகூர்நெவ், திரான்சி போன்ற ஊர்களுக்கு மீற்றர் ஓடும். காட் போட்டும் கட்டலாம், எந்த டக்சியும் மறுக்க முடியாது.

இரவு பிந்தி இறங்குகிறவர்களும் டக்சியையே நினையுங்கள். நள்ளிரவு நெருங்க ரயில் நின்றுவிடும், விடிய ஐந்து மணியளவில்தான் திரும்பத் தொடங்கும். பாதைத் திருத்த வேலை இருந்தால் இரவு பதினொரு மணியோடேயே நிறுத்திவிட்டு பஸ் விடுவார்கள். இரவு பஸ்ஸும் இருக்கிறது, ஆனால் பெட்டியோடு ஒரு வயதானவரை அதில் ஏறச் சொல்ல எனக்கு மனம் வராது.

திரும்பும் பயணத்தில் கவனிக்க வேண்டியது ஓல்னே. அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது, ஒன்று எயார்போட்டுக்கு, மற்றது மித்ரி கிளேக்கு. ஒரே மேடையில் இரண்டும் வரும். விமானப் படம் போட்ட ரயிலில் மட்டும் ஏறுங்கள். மாறி ஏறிவிட்டால் பதற வேண்டாம், ஓல்னேயில் இறங்கி அடுத்த எயார்போட் ரயிலைப் பிடிக்கலாம். முதலாம் முனையத்துக்குப் போகிறவர் எயார்போட்டின் முதல் ஸ்டேஷனிலும், இரண்டாம் முனையத்துக்காரர் கடைசி ஸ்டேஷனிலும் இறங்க வேண்டும். பிள்ளைகள் கட்டித்தந்த சொக்லேட்டையும் சென்ற் போத்தல்களையும் வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். ரயில் பிந்தும் நாளும் வரும்.

சீ.டீ.ஜீ. எக்ஸ்பிரஸ் என்று புதிய ரயில் ஒன்று கட்டுகிறார்கள், 2027இல் ஓடவிடுவதாகத் திட்டம். எயார்போட்டிலிருந்து நேரே கார் து லெஸ்ட்டுக்கு இருபது நிமிடத்தில் போய்விடுமாம். நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு அது நல்லது. ஆனால் லாகூர்நெவ்விலும் திரான்சியிலும் அது நிற்காது. அந்தப் பக்கம் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு அப்போதும் இந்த நீலக் கோடுதான்.